பூட்டிய அறைக்குள் போகாத கேமரா

தமிழ் சினிமாவில் ஒருவருக்கு மனநோய் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவர் கொலை செய்வார். இல்லையென்றால் சட்டை கிழிந்து, தாடி வளர்ந்து, தெருவில் நிற்பார். காலையில் எழுந்து, மாத்திரை போட்டுக்கொண்டு, அதன் மயக்கத்தில் பதினோரு மணிவரை தூங்கி, 'இன்னும் எத்தனை நாளைக்குடா இப்படி' என்று அம்மாவிடம் திட்டு வாங்கி, சாயங்காலம் டீக்கடை வரை போய்விட்டு வரும் ஒரு மனிதரை நம் திரை அநேகமாகக் காட்டியதில்லை. மனச்சிதைவு என்று நாம் தமிழில் சொல்லும் ஸ்கிசோஃப்ரினியாவோடு வாழ்பவர்களில் பலரின் நாள் இப்படித்தான் கழிகிறது. அவர்கள் கொலையும் செய்வதில்லை, தெருவிலும் நிற்பதில்லை. வீட்டில் இருக்கிறார்கள். யாராவது உறவுக்காரர் வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படுகிறார்கள்.

'அந்நியன்', 'சந்திரமுகி' இரண்டும் 2005இல் வந்தன. இரண்டிலும் ஒரே உடம்புக்குள் வேறொரு ஆள் புகுந்து வெளியே வருவார். அது மனச்சிதைவே அல்ல. ஆளுமை பல துண்டாகப் பிரியும் வேறொரு நிலையை, அதுவும் திரைக்கதைக்குத் தோதாக ஊதிப் பெருக்கிக் காட்டியவை அவை. ஆனால் நம் பொதுப்புத்தியில் எல்லாம் ஒன்றுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது 'மனம் பிளத்தல்' என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களை எடுத்தார். அவர் சொன்னது சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதைப் பற்றி. ஒரு ஆள் இரண்டு ஆளாவதைப் பற்றி அல்ல. நூறு வருடமாக சினிமாக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தே பிழைக்கிறார்கள்.

நான் இங்கே பேச வந்தது வேறுவிதமான சினிமாவைப் பற்றி. செட் போடாமல், மேக்கப் இல்லாமல், பின்னணி இசையால் நம்மை அழவைக்காமல், ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கும் சுயாதீன சினிமா. அதில் மனச்சிதைவும் குடும்பமும் எப்படி எடுக்கப்பட்டிருக்கின்றன, அதிலிருந்து சாதி ஒழிப்பு பேசும் நமக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதில் முதலில் பார்க்க வேண்டியது கென் லோச் 1971இல் எடுத்த 'ஃபேமிலி லைஃப்'. பெயரே 'குடும்ப வாழ்க்கை' என்பதுதான். டேவிட் மெர்சர் எழுதியது. 1967இல் பிபிசிக்காக இதே இருவர் செய்த தொலைக்காட்சி நாடகத்தின் திரைப்பட வடிவம். லண்டனை ஒட்டிய ஒரு புறநகர் வீடு. ஜேனிஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெண். அப்பா உழைத்துச் சம்பாதித்து ஒழுங்காக வீட்டை நடத்துகிறவர். அம்மா அதைவிட ஒழுங்கானவர். மகள் எந்த வேலையிலும் நிலைப்பதில்லை, சுரங்க ரயில் நிலையத்தில் வெறித்து உட்கார்ந்திருக்கிறாள், போலீஸ்காரர் வீட்டுக்குக் கூட்டி வருகிறார். அவள் கர்ப்பமாக இருப்பது தெரியவந்ததும் அதைக் கலைக்க வைக்கிறார்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்கிறார் அம்மா. படம் முழுக்க இந்த 'உன் நல்லதுக்குத்தான்' வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் படத்தில் யாரும் அடிப்பதில்லை. பெரிதாகக் கத்துவதுகூடக் குறைவு. டீ குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அம்மாவின் குரல் மென்மையானது. 'நீ இப்படிப் பேசுற பொண்ணே இல்ல, இது நீ பேசுறது இல்ல' என்கிற மாதிரி அவர் சொல்லும்போது, ஜேனிஸ் தான் நினைப்பது தன்னுடைய நினைப்புதானா என்றே குழம்பிப்போவதை அவள் முகத்தில் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வசனத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காதலைச் சொன்ன மறுநாள் காலை 'எம் பொண்ணு இப்படி இல்லையே, யாரோ மனச மாத்திட்டாங்க' என்று அம்மா தொடங்குவதை அவர்கள் கேட்டிருப்பார்கள். அடுத்து மந்திரித்த தாயத்து வரும். அதற்கடுத்து அத்தை பையன் வருவான்.

ஜேனிஸ் மருத்துவமனைக்குப் போகிறாள். அங்கே ஓர் இளம் மருத்துவர் மாத்திரை, மின்னதிர்ச்சி எதுவும் இல்லாமல், நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுகிறார். அவள் கொஞ்சம் மூச்சு விடுகிறாள். நிர்வாகம் அந்த மருத்துவரை வெளியேற்றுகிறது. அவள் வழக்கமான வார்டுக்கு மாற்றப்படுகிறாள், மின்னதிர்ச்சி கொடுக்கப்படுகிறது. கடைசிக் காட்சியில், பேச்சே அற்றுப்போன ஜேனிஸை வகுப்பறையில் மாணவர்கள் முன்னால் உட்காரவைத்து, இவளுடைய நோய்க்கும் இவளுடைய சூழலுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு மருத்துவர் பாடம் நடத்துகிறார். ஒன்றே முக்கால் மணி நேரமாக அந்தச் சூழலைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு வயிறு எரிகிறது.

லோச் இதற்கு எங்கிருந்து பொருள் எடுத்தார் என்பது முக்கியம். ஆர். டி. லேங் என்ற ஸ்காட்லாந்து மனநல மருத்துவரும் ஆரன் எஸ்டர்சனும் 1964இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களின் பதினோரு குடும்பங்களோடு அவர்கள் நடத்திய நேர்காணல்கள் அதில் இருக்கின்றன. அந்த வீடுகளுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்டால் இந்தப் பெண்கள் சொல்லும் 'பைத்தியக்காரத்தனமான' விஷயங்கள் புரியத் தொடங்குகின்றன என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்து இடதுசாரி இளைஞர்களுக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. குடும்பம் என்பது அன்பின் கூடு அல்ல, அதிகாரத்தின் முதல் அலுவலகம் என்பதை ஒரு மருத்துவரே சொல்கிறார் அல்லவா.

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். என் நண்பர்கள் சிலர் லேங்கைப் படித்துவிட்டு, 'நோயே கிடையாது தோழர், சமூகம்தான் நோய்' என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். நோயோடு ஒரு ராத்திரி விழித்திருந்தவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், இருபத்திரண்டு வயதில் நோயுற்றவர். பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லி, குழாயில் காதை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அந்தக் குரல்கள் அவருக்கு உண்மையாகக் கேட்டன. அரசு மருத்துவமனை மாத்திரை அவற்றைக் குறைத்தது. கூடவே உடம்பைப் பருக்க வைத்தது, கை நடுக்கத்தைக் கொடுத்தது. எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாத்திரை குறைத்தது.

அறிவியலும் லேங் பக்கம் நிற்கவில்லை. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்றொரு கருத்தை எழுத்தில் வைத்தார். அடுத்த முப்பது வருடம் மேற்கில் எத்தனையோ தாய்மார்கள், தங்கள் பிள்ளையின் நோய்க்குத் தாங்களே காரணம் என்று மருத்துவர் வாயாலேயே கேட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மரபணு மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான், அல்லது அதற்கும் குறைவு. 'ஃபேமிலி லைஃப்' படத்தில் அந்த அம்மாவின் மேல் கேமரா விழும் விதத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆணாதிக்கம் அந்தப் பெண்ணிடம் காவல் வேலையை ஒப்படைத்திருக்கிறது என்பதை லோச் கொஞ்சம் காட்டுகிறார். ஆனாலும் அந்தச் சுமையை அவர் முழுசாக இறக்கி வைப்பதில்லை. வர்க்கம் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் ஒரு இயக்குநர், குற்றவாளியைத் தேடும்போது சமையலறையில் போய் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

அப்படியென்றால் குடும்பத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, வேறு இடத்தில். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர்களிடமோ போனவர்களைவிட அதிகமாக மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஏன் என்று தோண்டியபோது கிடைத்தது இதுதான்: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அல்லது மூச்சுமுட்டும் அளவுக்கான அக்கறை. வீடு நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் நோய் திரும்ப வருவதில் வீட்டின் காற்றுக்குப் பங்கு இருக்கிறது. லோச்சின் கேமரா பிடித்தது உண்மையில் இந்தக் காற்றைத்தான். அதற்கு அவர் போட்ட தலைப்புதான் தவறு.

இதைச் சொன்னவுடன் நம் ஊர்ப் பெருமைக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. இந்தியாவில் ஆக்ரா அதன் ஒரு மையம். பணக்கார நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயாளிகள் மேலாகத் தேறியதாக முடிவு வந்தது. அன்றிலிருந்து 'இந்தியக் கூட்டுக்குடும்பமே மருந்து' என்பது கருத்தரங்கு மேடைகளின் நிரந்தர வசனமாகிவிட்டது. பின்னாளில் அந்த முடிவை ஆய்வாளர்களே கேள்விக்கு உட்படுத்தினார்கள் என்பது மேடைக்கு வருவதில்லை. கூட்டுக்குடும்பம் என்றால் யார்? மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறும் என் பெரியம்மா. குளிக்க மாட்டேன் என்பவரைக் கெஞ்சிக் குளிக்கவைக்கும் அக்கா. 'குடும்பம் பார்த்துக்கொள்கிறது' என்ற வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் ஒரு பெண். நோயுற்றவரும் பெண்ணாக இருந்துவிட்டால் அந்த மருந்தும் கிடையாது. சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைச் சேர்ந்த தாராவும் அவருடைய சக ஆய்வாளர்களும், நோயின் காரணமாகக் கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பலர் சட்டப்படி மணமுறிவுகூடப் பெறாதவர்கள், ஜீவனாம்சம் இல்லாதவர்கள், வயதான பெற்றோர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள். 'எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்' என்பதுதான் அந்தப் பெற்றோரின் ஒரே கேள்வி.

இங்கே சட்டம் என்ன செய்கிறது தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக மனக்கோளாறு இருக்கிறது. 1976 திருத்தத்தில் அதற்கு விளக்கம் எழுதியபோது ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். நோயின் பெயர் ஒன்று சட்டப் புத்தகத்துக்குள் கல்யாணத்தை முறிக்கும் காரணமாக நுழைந்திருக்கிறது. வெறும் முத்திரை போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது உண்மை. ஆனால் ஊரில் கல்யாணத் தரகர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட்டு வருவதில்லை.

அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவிவிட்டார். சாதி என்பது கல்யாணத்தால் கட்டிக் காக்கப்படுகிறது என்றால், கல்யாணச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கறையில்லாமல் காட்டியாக வேண்டும். 'அந்த வம்சத்துல பைத்தியம் இருக்கு' என்ற ஒரு வாக்கியம் ஒரு வீட்டின் மூன்று பெண்களின் கல்யாணத்தை நிறுத்தும். ஒரே சாதிக்குள், அதிலும் பத்து ஊருக்குள், அதிலும் நாலு கிளைக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வட்டத்தில் ரகசியம் காப்பது கஷ்டம். அதனால்தான் காப்பதற்கு அத்தனை கொடூரமாக முயல்கிறார்கள். சீக்கிரம் மருத்துவரிடம் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். தள்ளிப்போடுகிறார்கள். கோவிலுக்கும் தர்காவுக்கும் போனால் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். நோயின் ஆரம்ப நாட்களில் சிகிச்சை தொடங்குவது எவ்வளவு முக்கியம் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த நாட்களை நம்மூரில் விழுங்குவது அறியாமை மட்டுமல்ல, அகமணமும்தான்.

இதை ஆதிக்கச் சாதிகளின் பிரச்சினை என்று தள்ளிவிட்டு நாம் சாய்ந்து உட்கார முடியாது. நாங்கள் சேரியில் வாழும் குடும்பம். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அண்ணனை இரண்டு நாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வந்தவர்களும் எங்கள் சாதிதான். எங்களைப் போலவே கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர் அன்று முழுக்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்து 'தம்பி, அங்க யாரு வந்திருக்கா' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளை ஒரு கேமரா எடுத்திருக்க வேண்டும் என்று, சினிமாவைப் படிக்கத் தொடங்கிய பிறகு நிறைய முறை நினைத்திருக்கிறேன். அதில் கொலை இல்லை, சங்கிலி இல்லை. விருந்தாளிக்குப் போட்ட வடை பாயசத்தில் ஒரு பங்கு தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

தமிழ் சினிமா சாதியையும் மனம் உடைவதையும் ஒரே கதையில் வைத்த தருணங்களும் உண்டு. பாலாஜி சக்திவேலின் 'காதல்' 2004இல் வந்தது. மதுரையில் ஒரு மெக்கானிக், வசதியான ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பெண். ஓடிப்போய்க் கல்யாணம் செய்கிறார்கள், தந்திரமாகத் திரும்ப அழைத்து வரப்படுகிறார்கள், அவன் அடித்து நொறுக்கப்படுகிறான். பல வருடம் கழித்து, வேறொருவரின் மனைவியாக அவள் போகும்போது, போக்குவரத்து சிக்னலில் மனம் பேதலித்த பிச்சைக்காரனாக அவன் நிற்கிறான். தியேட்டர் அழுதது. நானும் பள்ளிக்கூடப் பையனாக அழுதேன். சாதி வெறி ஒரு மனிதனின் மூளையையே உடைக்கும் என்று வெகுசன சினிமா அவ்வளவு நேரடியாகச் சொன்னது சாதாரண விஷயமல்ல. ஆனால் அடிக்கும் சிக்னலுக்கும் இடையில் இருக்கும் அந்த வருடங்கள் படத்தில் இல்லை. அவனுக்கு ஒரு வீடு இருந்திருக்கும், வீட்டில் யாராவது அவனைக் கழுவிச் சோறு போட்டிருப்பார்கள், ஒரு நாள் அவன் நடந்து வெளியே போயிருப்பான். அந்தக் குடும்பம் படத்துக்குத் தேவைப்படவில்லை. நம்மவர்களின் நோய் காதலின் சோகச் சின்னமாக மட்டும் பயன்பட்டது. கடைசியில் அவனைக் காப்பாற்றுவதும் அவள் கணவனின் பெருந்தன்மைதான்.

இதற்கு மறுபக்கத்தில் அபர்ணா சென் எடுத்த '15 பார்க் அவென்யூ'. இதுவும் 2005தான். மனச்சிதைவைப் பெயர் சொல்லி, பொறுமையாக, மரியாதையோடு எடுத்த இந்தியப் படங்களில் இதற்கு இணையானவை குறைவு. கொங்கனா சென் நடித்த மீத்தி, இல்லாத ஒரு வீட்டில் தனக்குக் கணவனும் ஐந்து குழந்தைகளும் இருப்பதாக நம்புகிறாள். ஷபானா ஆஸ்மி அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, இயற்பியல் பேராசிரியர். பராமரிக்கும் பெண்ணின் சொந்த வாழ்க்கை எப்படிக் கரைந்து போகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டியதற்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்த வீட்டில் பணம் இருக்கிறது, மருத்துவர் நேரம் ஒதுக்கிப் பேசுகிறார், எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இந்திய சினிமா மனநோயாளியை மனிதராகப் பார்க்க அவர் ஆங்கிலம் பேசியிருக்க வேண்டும் போலிருக்கிறது. ஏழையாக இருந்தால் அவர் தெருவில், சங்கிலியில், அல்லது நகைச்சுவைக் காட்சியில். 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்ற வசனத்துக்குச் சிரித்து வளர்ந்த தலைமுறைதானே நாம்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாட்ஜ் கெரிகன் 1993இல் எடுத்த 'கிளீன், ஷேவன்' ஓர் அமெரிக்கச் சுயாதீனப் படம். பீட்டர் என்ற மனச்சிதைவு நோயாளி, தத்துக் கொடுக்கப்பட்டுவிட்ட தன் மகளைத் தேடிப் போகிறார். படத்தின் ஒலியில்தான் விஷயம் இருக்கிறது. மின்கம்பிகளின் ரீங்காரம், வானொலி இரைச்சல், துண்டு துண்டான குரல்கள். தன் தலைக்குள் ஒரு அலைவாங்கி இருப்பதாக நம்பும் மனிதரின் காதுக்குள் நம்மை உட்காரவைத்துவிடுகிறார் இயக்குநர். அண்ணனின் தண்ணீர்க் குழாய் எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான். குழந்தைகளைக் கொன்றவன் இவன்தான் என்று ஒரு துப்பறிவாளர் பின்தொடர, நாமும் அப்படியே சந்தேகப்படுகிறோம். அந்தச் சந்தேகத்துக்குப் படம் ஆதாரம் எதையும் தருவதில்லை. சந்தேகம் நம்முடையது.

ஹார்மனி கோரின் 1999இல் எடுத்த 'ஜூலியன் டாங்கி பாய்' இதைவிடக் கரடுமுரடானது. டென்மார்க்கில் தொடங்கிய டாக்மே 95 இயக்கத்தின் விதிகளின்படி, கையில் பிடித்த சின்ன டிஜிட்டல் கேமராக்களில் எடுக்கப்பட்டது. மனச்சிதைவு நோயாளியான தன் மாமாவை மனதில் வைத்து கோரின் உருவாக்கிய படம். பாட்டியாக நடித்தவர் அவருடைய சொந்தப் பாட்டியே. அப்பாவாக வெர்னர் ஹெர்சாக். அவர் ஒரு கொடுங்கோலர், கேலி செய்கிறார், தம்பியைக் குளிரில் நிறுத்தித் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். அந்த வீட்டில் நோயாளி என்று அடையாளம் காணப்பட்டவர் ஜூலியன் மட்டும்தான் என்பதே படத்தின் கேலி. சில காட்சிகள் எனக்கு ஒப்பவில்லை. அதிர்ச்சிக்காகவே வைத்தது போலத் தோன்றும் இடங்கள் உண்டு. ஆனாலும் அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவன் சம்பந்தமில்லாமல் பேசுகிறான், சகோதரி அதற்குப் பதில் சொல்கிறாள், வாழ்க்கை போகிறது. யாரும் அவனை விருந்தாளி முன்னால் ஒளித்து வைப்பதில்லை.

நம் இயக்கத்துக்குள் மனநோய் பற்றிப் பேசத் தயக்கம் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2016இல் ரோஹித் வெமுலா இறந்தபோது அதை நிறுவனப் படுகொலை என்றுதான் சொன்னோம். ஏனென்றால் 'மன அழுத்தம்' என்ற சொல்லை வைத்துச் சாதியை மூடப் பார்த்தார்கள். இந்தச் சந்தேகத்துக்கு உலக வரலாற்றிலும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் மெட்சல், மிச்சிகனில் உள்ள அயோனியா மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் தோண்டி எழுதியிருக்கிறார். முன்பு சாதுவான வெள்ளைக்காரப் பெண்களின் நோயாகக் கருதப்பட்ட மனச்சிதைவு, 1960களில் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, கோபக்காரக் கறுப்பு ஆண்களின் நோயாக மாற்றப்பட்டது. 1968இல் இரண்டு மருத்துவர்கள் 'போராட்ட மனப்பிறழ்வு' என்றே ஒரு பெயர் வைத்தார்கள். 1974இல் ஹால்டால் மாத்திரை விளம்பரத்தில் முஷ்டியை மடக்கிய ஒரு கறுப்பர் நிற்கிறார். முத்திரை குத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்பது சரிதான்.

அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. பிரிட்டனில் வாழும் கரீபியக் கறுப்பின மக்களிடம் மனச்சிதைவு, வெள்ளையர்களைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு பதிவாகியிருந்தது. கரீபியத் தீவுகளில் அப்படியில்லை. ஆகவே இனத்தின் மரபணு என்று தப்பிக்க முடியாது. மருத்துவரின் பாரபட்சம் ஒரு பகுதியை விளக்கலாம். தினம் தினம் தோற்கடிக்கப்பட்டு, வெளியே நிறுத்தப்பட்டு வாழ்வது மூளையையும் தொடுகிறது என்பதை இன்று நிறைய ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அப்படியானால் ஒடுக்குமுறை பற்றிப் பேசுவதும் நோய் பற்றிப் பேசுவதும் எதிரெதிர் அல்ல. 'நோய் இல்லை, சாதிதான்' என்பதற்குப் பதில் 'சாதியும்தான், நோயும்தான்' என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். இல்லையென்றால் என் அண்ணனைப் போன்றவர்கள் அரசு ஆஸ்பத்திரி வரிசையிலும் தனி, நம் கூட்டத்திலும் தனி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் வந்தன, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையும் மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்தது. இறந்த ஒவ்வொருவரையும் அங்கே கொண்டுவந்து விட்டது யாரோ ஒரு அம்மா, ஒரு அண்ணன், ஒரு கணவன். அவர்கள் அரக்கர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பணம் தீர்ந்தவர்கள், தெம்பு தீர்ந்தவர்கள், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தவர்கள். அந்த பஸ் பயணத்தை யார் எடுப்பது? போகும்போது இரண்டு டிக்கெட், திரும்பும்போது ஒன்று.

கடந்த பத்து வருடத்தில் நம் பக்கத்திலிருந்து வந்த இயக்குநர்கள் தமிழ்த் திரையின் நிலப்பரப்பையே மாற்றியிருக்கிறார்கள். தெருவை எடுத்தார்கள், கல்லூரியை எடுத்தார்கள், காவல் நிலையத்தை எடுத்தார்கள். அம்பேத்கர் படம் மாட்டிய நம் வீட்டுச் சுவரையும் எடுத்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னாலிருக்கும் அறை இன்னும் பாக்கி. எதிரியிடம் அது நமக்கு எதிராகப் பயன்படும் என்ற பயம் புரிகிறது. நம்மை மாண்போடு காட்ட வேண்டிய பொறுப்பு இயக்குநருக்கு இருக்கும்போது, குளிக்காத, சம்பந்தமில்லாமல் சிரிக்கிற, தங்கையின் கல்யாணத்துக்காக ஒளித்து வைக்கப்படுகிற ஒரு நம்மாளைக் காட்டுவது சங்கடம்தான். ஆனால் மாண்பு என்பது நோயில்லாதவர்களுக்கு மட்டுமானதா?

குறும்படம் எடுக்கும் இளம் தோழர்கள் கதை கேட்டு வரும்போது நான் கேட்பது சில்லறை விஷயங்கள்தான். மாத்திரை எங்கே வைத்திருக்கிறார்கள், அலமாரியிலா, அரிசிப் பானைக்குப் பின்னாலா? யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? அவர் பீடி குடிக்க யாரிடம் காசு கேட்பார்? வீட்டுக்கு ஆள் வந்தால் எந்தக் கதவு சாத்தப்படும், தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா? மாயக் காட்சிகளுக்குக் கிராஃபிக்ஸ் செய்யப் பணம் தேட வேண்டாம். தரகர் வந்து உட்கார்ந்து எழுந்து போகும்வரை, கதவின் இந்தப் பக்கம், அவரோடு கேமராவை வையுங்கள். படமாக்கும் முன் அவரிடம் கேளுங்கள், அவர் அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள். நான் ஒருமுறை என் அண்ணனிடம் கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, 'எடு, ஆனா அந்தக் குழாய எடுக்காத, அதுல இன்னும் பேசுறாங்க' என்றார்.